நீல டிரம்மும் சீர் அண்டாவும்

எங்கள் வீட்டில் பட்டுப்புழுவுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால், என் இடது காது இன்றைக்கும் ஒழுங்காகக் கேட்கும். புழுவுக்கு வெயில் ஆகாது, புகை ஆகாது, சத்தம் போட்டுப் பேசினால்கூட ஆகாது என்று என் வீட்டுக்காரர் ஊருக்கே பாடம் எடுப்பார். எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் பிறந்தது திருமானூர் பக்கம். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் ஊர், நெல்லும் கரும்பும்தான் வெள்ளாமை. திருமழபாடிக் கோயிலில் நந்திக்கு நடக்கும் கல்யாணத்தைப் பார்த்தால் பெண்ணுக்குச் சீக்கிரம் வரன் அமையும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அமைந்தது. நந்தியைக் குறை சொல்ல முடியாது. வரன் வரும் என்றுதான் சொன்னார்களே தவிர, எப்படிப்பட்ட வரன் என்று யாரும் சொல்லவில்லை. குரும்பலூரைத் தாண்டி, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற கரிசல்காட்டு ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும். பாத்திரத்தில் பிடித்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும்.

வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அடிப்பார். குடித்துவிட்டு அடிக்கிறவனை ஊர் திட்டும். குடிக்காமல் அடிக்கிறவனைப் பற்றிக் கொஞ்சம் கோபக்காரன் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். குழம்பில் உப்பு ஏறினால் ஓர் அறை. ஆடு வெங்காயத்தில் வாய் வைத்தால் ஓர் உதை, ஆட்டுக்கு இல்லை, எனக்கு. நானும் வாயை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள் கிடையாது. ஒருமுறை மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு களத்தைச் சுற்றி அவரைத் துரத்தியிருக்கிறேன். இன்னொரு முறை மணிக்கட்டில் கடித்த தழும்பு அவருக்கு இன்னும் இருக்கிறது. அதன்மேல் வாட்ச் கட்டிக்கொண்டு போகிறார்.

மல்பெரி போடலாம் என்றது நான்தான். கிணற்றடி நிலத்தில் செடியை ஊன்றி, அதன் ஓரத்தில் புழு வளர்க்க ஒரு மனை கட்டினோம். மனை என்றால் நீளமான கொட்டகை. தகரக் கூரை, அதன் மேல் கீற்று, சுவர் நெடுக வலையடித்த ஜன்னல், உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கு. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் இருக்கும் பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது. இந்த விதியை வீட்டுக்காரரே மனதார நம்பினார். அதனால் வீட்டில் அடித்திருக்கிறார், களத்தில் அடித்திருக்கிறார், கிணற்றடியில் அடித்திருக்கிறார், மனைக்குள் மட்டும் ஒரு நாளும் கை வைத்ததில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். இலை போட்டு முடித்த பிறகும் சும்மா அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கோடையில்தான் வினை வந்தது. எங்கள் பக்கத்துக் கோடைக்காற்றில் ஈரமே இருக்காது. பறித்துப் போட்ட இலை கொஞ்ச நேரத்தில் சுருண்டு காய்ந்துவிடும். காய்ந்த இலையைப் புழு தொடாது. சாக்கை நனைத்து ஜன்னலெல்லாம் தொங்கவிட்டேன், தரையில் மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்தேன், ஒன்றும் தேறவில்லை. இரண்டு முறை புழு சிறுத்துப்போய்க் கூடு கட்டாமலே செத்தது. வீட்டுக்காரர் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்.

"இன்னொரு தடவ பாப்பேன். அதுவும் போச்சுன்னா மல்பெரியப் புடுங்கிட்டு மக்காச்சோளம் போடுவேன். மனை சோள மூட்டைய அடுக்க ஆவும்."

நான் தலையாட்டினேன். அவருக்கு அது ஒரு கொட்டகை. எனக்கு அதை விட்டால் அந்த ஊரில் அடிபடாத இடம் வேறு கிடையாது.

அதனால்தான் ஈரம் போடுகிற மெஷின் வாங்கச் சொல்லி அவரிடம் நச்சரித்தேன். பெரம்பலூர் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் கொண்டுவந்து மாட்டினார். கூரை இரும்பிலிருந்து சங்கிலி போட்டு, குடத்தைக் கவிழ்த்த அளவில் ஒரு உருண்டையைத் தொங்கவிட்டார். அதற்குள் ஒரு தட்டு படுவேகமாகச் சுற்றும். கீழே இருக்கும் பாத்திரத்திலிருந்து சின்ன மோட்டார் குழாய் வழியாகத் தண்ணீரை ஏற்றும். அந்தத் தண்ணீர் தட்டில் பட்டுப் பொடிப்பொடியாகச் சிதறி, சுற்றிலும் வெள்ளையாகப் புகைந்துகொண்டு வரும். மார்கழிக் காலையில் வாய்க்கால் மேல் நிற்கிற பனி போல இருந்தது. சித்திரை வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்க, உள்ளே என் கை ரோமத்தில் ஈரம் பூத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவரில் ஈரம் காட்டுகிற கடிகாரம் ஒன்றையும் மாட்டி, மெக்கானிக் சொன்னார். "அக்கா, முள்ளு இந்தப் பச்சைக் கோட்டுக்குள்ள நிக்கணும். தாண்டுச்சுன்னா நிப்பாட்டிருங்க, மேல் ஜன்னலத் தொறந்து வுடுங்க. புழு தோல் உரிக்கிறப்ப ஓட்டவே கூடாது. போர் தண்ணி ஊத்திடாதீங்க, அடச்சிக்கும். அப்புறம் பனி வராது, சொட்டுச் சொட்டா வுழும். ஆத்துத் தண்ணிய நல்ல பாத்திரத்துல புடிச்சு வச்சுக்குங்க. நீங்க குடிக்கிறதுக்கு எப்படிப் புடிப்பீங்களோ அப்படி."

ஆற்றுத் தண்ணீர் என்றால் எங்கள் ஊருக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் குடிதண்ணீர். தினமும் வராது. வருகிறபோது பெரிய பாத்திரத்தில் பிடித்து வைத்தால்தான் மெஷின் விடாமல் ஓடும். பெரிய பாத்திரம் எங்கள் வீட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த எவர்சில்வர் அண்டா. விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கும். வந்த நாளிலிருந்து பரண்மேல் கவிழ்ந்தே கிடந்தது. மாமியாரிடம் கேட்டேன்.

"அத்தை, அந்த அண்டாவ எறக்கிக்கட்டுமா?"

"சீர் அண்டாவ பூச்சிக்கா எறக்குவாங்க? நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டாங்களா? அது வூட்டு விசேஷத்துக்கு வேணும்."

அந்த வீட்டில் அதுவரை எந்த விசேஷத்துக்கும் அது இறங்கியதில்லை. விசேஷத்துக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்க மட்டும் பயன்பட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கொல்லைக்குப் போய் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த டிரம்மைத் தெரியும். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷங்களில் மருந்து கலக்கியது அதில்தான். எங்கள் ஊரில் இந்த டிரம் இல்லாத வீடு இல்லை. மருந்து வேலை முடிந்தால் கழுவிக் கவிழ்ப்பார்கள், பிறகு மாட்டுக்குக் கழுநீர் ஊற்றுவார்கள், வீடு கட்டும்போது சிமெண்டுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். மாடு சாகவில்லை, சுவர் விழவில்லை. கழுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நினைப்பு அப்படித்தான் ஊறிப்போயிருந்தது.

"மூணு தடவ சோப்புத்தூள் போட்டுத் தேச்சுட்டேன். வெயில்ல வேற காய வச்சிருக்கேன். நீ குடிக்கவே குடிக்கலாம்," என்றார்.

நான் டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைக்கு அடியில் அந்தப் பழைய நெடி இருந்தது. தொண்டையில் கசந்தது.

"புழுவக் கொல்ற மருந்து கலக்குன டிரம்முல புழுவுக்கே தண்ணி வப்பாங்களா? மெஷினு கெடக்கட்டும், மொதல்ல உங்க மண்டைக்கு ஈரம் போடணும்," என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. அறை இடது காதில் விழுந்தது. அடுப்படி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. காதுக்குள் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. அதை இன்றுவரை யாரும் நிறுத்தவில்லை. நான் எழுந்து, இருந்த பலத்தையெல்லாம் காலில் கொண்டுவந்து டிரம்மை எட்டி உதைத்தேன். அது வாசற்படியில் உருண்டு, தெருச் சரிவில் ஓடி, வேலிமுள்ளில் போய்ச் சிக்கியது. அவர் என் தலைமுடியைப் பிடித்து அந்த வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். கழுவிய டிரம்மை நான் மோந்து பார்த்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் வார்த்தையை நான் மூக்கால் சோதித்துவிட்டேன். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனாலும் அன்றைக்கு நான் விடவில்லை. வீட்டிலிருந்த குடங்களை எல்லாம் மனைக்குள் வரிசையாக வைத்தேன். ஒரு குடம் தீர்ந்தால் குழாயைத் தூக்கி அடுத்த குடத்தில் போடுவேன். கண் அசந்தால் மோட்டார் காற்றை இழுத்துக் கத்தும், ஓடுவேன். முள் பச்சைக் கோட்டை விட்டு நகரவில்லை. இலை பறித்தபோது இருந்த பச்சையிலேயே கிடந்தது. புதிதாக வந்த புழுக்கள் தோலை உரித்து உரித்துப் பெருத்தன. நாலாவது தோலை உரித்தபின் அவை தின்ற தீனியைப் பார்க்க வேண்டுமே. மொறுமொறுவென்று மனை முழுக்க ஒரு சத்தம். வலது காதை அடுக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பேன். இந்த முறை தேறிவிடும், மல்பெரியைப் பிடுங்க மாட்டார்கள், மனை எனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் நான் வீட்டுக்குத் தூரமானேன். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பெண் மனைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இலையைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் புழு செத்துவிடும் என்பது மாமியார் வீட்டுச் சட்டம். மனைக்கு வெளியே மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, குடம் மாற்றச் சொல்லி, ஜன்னல் திறக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு அங்கிருந்தே குரல் கொடுத்தேன். முதல் நாள் மாற்றினார், முணுமுணுத்துக்கொண்டே. மறுநாள் சத்தமே இல்லை. மோட்டார் விடாமல் சீராக ஓடுகிறதே, பரவாயில்லை, பொறுப்பாகத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மத்தியானம் மனசு கேட்காமல் எழுந்துபோய் வலை வழியாக எட்டிப் பார்த்தேன். மெஷினுக்குக் கீழே குடங்கள் இல்லை. நீல டிரம் நின்றது. பனி நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. தின்கிற சத்தம் இல்லை.

தூரமாவது ஒன்றாவது. காலை நனைக்காமல், செருப்போடு உள்ளே ஓடி, பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னல்களை எல்லாம் தள்ளித் திறந்தேன். கீழ்த்தட்டுப் புழுக்கள் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன, என் தோளிலும் விழுந்தன. விரல் மொத்தத்துக்கு இருந்தவை என் கண் முன்னால் சுருங்கின. கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வெளிக்காற்றில் போட்டேன். அங்கே போயும் கக்கின. நான் அழவில்லை. யாரையாவது கொல்ல வேண்டும் போல இருந்தது.

மாமியார்தான் முதலில் வந்தார். டிரம்மைப் பார்த்தார், புழுவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்த் தெருவுக்கே கேட்கும்படி கூவினார்.

"தூரத்தோட உள்ள பூந்துட்டாளே. பூச்சி பூரா போச்சே. குடியக் கெடுத்துட்டாளே."

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். வீட்டுக்காரர் காட்டிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் வாசலில் கால் நனைக்கவில்லை. மெஷின் மாட்டியபோது மீந்த பிளாஸ்டிக் பைப் ஒன்று மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

மனைக்குள் அவர் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. முதுகில், முழங்கையில், தடுக்கப் போன விரல்களில் விழுந்தது. நான் அடுக்கின் மேல் சாய்ந்தேன். அடுக்கு என் மேல் சாய்ந்தது. சாகாத புழுக்களும் செத்த புழுக்களும் இலையோடு என் மேல் கொட்டின. பைப் இரண்டாக முறிந்ததும் காலால் உதைத்தார். நான் அவர் கெண்டைக்காலைப் பிடித்துப் பல்லைப் பதித்தேன். கத்திக்கொண்டே என் கழுத்தில் கை வைத்தார். பக்கத்துக் காட்டுக்காரர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

"வுடுங்கண்ணா என்னைய. இவ இருந்தா இந்த வூடு வெளங்காது. நாளைக்கே மல்பெரியப் புடுங்குறேன். இன்னியோட இது குடோனு," என்று அவர் மூச்சிரைத்தார்.

நான் எழுந்தேன். முட்டியில் ரத்தம் இருந்தது, உதட்டில் இருந்த ரத்தம் என்னுடையதா அவருடையதா என்று தெரியவில்லை. குடத்தில் மொள்ளுவதற்கு வைத்திருந்த சொம்பு தரையில் கிடந்தது. அதை எடுத்தேன். நீல டிரம்மில் முக்கினேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வாசலுக்கு வந்து, எல்லாரும் பார்க்க அவர் முன்னால் நீட்டினேன்.

"மூணு தடவ கழுவுனதுதானே. குடிக்கவே குடிக்கலாம்னு சொன்னீங்க. குடிங்க. நீங்க குடிச்சுட்டீங்கன்னா இது நான் பண்ண பாவம். மல்பெரிய நானே என் கையால புடுங்குறேன்."

என் காதுக்குள் ஓடிய மோட்டார் மட்டும் கேட்டது. அவர் சொம்பைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அவர் வீம்பு எனக்குத் தெரியும். சபையில் பின்வாங்குகிற ஆள் இல்லை. சொம்பை என் கையிலிருந்து பிடுங்கினார். அண்ணாந்து, வாய்க்கு மேலே தூக்கினார்.

குடிக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். முழுச் சொம்பும் உள்ளே போகட்டும் என்று நின்றேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

மாமியாருக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து மகன் கையில் ஓங்கி அடித்தார். சொம்பு தெறித்துப் பிளீச்சிங் தண்ணீரில் போய் விழுந்தது.

"குடிக்காதடா. அதுல மருந்துடா, சாமி."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுக்காரரைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப அந்தப் புள்ளைய எதுக்குப்பா அடிச்ச?"

மகன் கழுவிய டிரம் என்பதால் அம்மா என்னைப் பலி கொடுத்தார். மகன் வாய்க்கு அந்தத் தண்ணீர் போனதும் தூரமும் தோஷமும் பறந்துவிட்டது. நான் சொல்லியிருந்தால் நூறு பேர் நூறு விதமாகப் பேசியிருப்பார்கள். அவர் வாயாலேயே வந்ததால் ஒருவரும் பேசவில்லை.

செத்த புழுக்களைக் கூடைகூடையாக அள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மெஷினைக் கழற்றி, குழாய், மோட்டார், தட்டு எல்லாவற்றையும் மாற்றித்தான் தருவேன் என்று மெக்கானிக் சொன்னார். மாற்றினார். மல்பெரியைப் பிடுங்குகிற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. வீட்டுக்காரர் நீல டிரம்மைக் கோடாலியால் கொத்தித் துண்டு துண்டாக்கிக் கொல்லையில் போட்டார். என்மேல் இருந்த கோபத்தில் கொத்தினாரா, அவர்மேலேயே இருந்த கோபத்தில் கொத்தினாரா என்று நான் கேட்கவில்லை. சத்தம் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை புழு வருவதற்கு முன்னால் ஒரு காலையில் மனைக்குப் போனேன். மெஷினுக்குக் கீழே சீர் அண்டா இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, என் பெயர் வாசல் பக்கம் தெரியும்படி வைத்திருந்தது. மாமியார் வயதுக்கு அதைப் பரணிலிருந்து எப்படி இறக்கினாரோ. இப்போது எனக்குத் தூரமான நாளிலும் நான்தான் இலை போடுகிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

அடி நின்றுவிட்டதா என்று என் தங்கை போனில் கேட்பாள். நின்றுவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வீட்டுக்குள் ஓங்கிய கை சில நாள் பாதியில் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை. நிற்காத நாளில் நானும் கையில் கிடைத்ததை எடுக்கிறேன். மனைக்குள் மட்டும் அதற்கப்புறம் அவர் விரல்கூட என்மேல் படவில்லை.

அங்கே இப்போது வேறொரு பழக்கம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வந்து அண்டாவை நிரப்பியதும், மெஷினைப் போடுவதற்கு முன்னால், ஒரு சொம்பு மொண்டு வீட்டுக்காரரிடம் நீட்டுவேன். அவர் வாங்கி அண்ணாந்து குடிப்பார். கடைசி வாய் தொண்டையில் இறங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்று, பிறகுதான் சுவிட்சைப் போடுவேன்.